முப்பத்தோராயிரத்துக்கு ஒரு தூக்கம்

எங்கள் வீட்டில் குளிர்காலம் என்றால் மின்விசிறியை ஐந்திலிருந்து மூன்றுக்குக் குறைப்பது. அதற்கே அம்மா காதில் பஞ்சு வைத்துக்கொள்வாள். மார்கழியில் பால் பாக்கெட் எடுக்கக் கீழே போகும்போது நான் குரங்குக் குல்லா இல்லாமல் இறங்கியதில்லை. சென்னையில் இதுவரை பதிவானதிலேயே குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி, அந்த அளவுக்குக் கடைசியாகக் குளிர்ந்தது 1905 ஜனவரியில். பிறகு இந்த ஊர் அந்தத் தவறைச் செய்யவில்லை. இங்கே ஐம்பத்திரண்டு வருஷம் வியர்த்தே காலம் தள்ளிய ஒரு குடும்பஸ்தன், பனியில் படுப்பதற்குப் பை தேடி ஆறு வாரம் அலைந்தான் என்றால், அதற்குக் காரணம் அவன் பெற்ற மகள்.

"அப்பா, ஜனவரில நாங்க கேதார்கந்தா போறோம். நீயும் வர்றியா?"

மரியாதைக்குக் கேட்டாள். நான் "வரேன்" என்றேன். போனின் அந்தப் பக்கம் ஒரு நீண்ட மௌனம். சிக்னல் போய்விட்டது என்று நினைத்து நான் இன்னொரு முறையும் "வரேன்" என்று சொன்னேன்.

கேதார்கந்தா உத்தரகாசி மாவட்டத்தில் 12,500 அடி உயரச் சிகரம். டேராடூனிலிருந்து சாங்க்ரி என்கிற கிராமம் வரை வண்டி. அதற்கு மேல் கால்தான். ஜனவரியில் பாதை முழுக்கப் பனி, ராத்திரியில் மைனஸ் எட்டு, மைனஸ் பத்து. "ஸ்லீப்பிங் பேக் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும்பா, ஒண்ணும் வாங்காதே" என்று மகள் அன்றைக்கே சொல்லிவிட்டாள். நான் திருப்பதிக்குப் போனாலே சொந்தப் போர்வை எடுத்துக்கொண்டு போகிறவன். முன்பின் தெரியாத நூறு பேர் படுத்து எழுந்த பைக்குள் தலையை நுழைப்பேனா?

"டவுன் ஸ்லீப்பிங் பேக் ஒண்ணு வாங்கப்போறேன்" என்று வீட்டில் அறிவித்தேன்.

"டவுனுக்கு எதுக்குடா தனிப் பை? பஸ்லதானே போறே?" என்றாள் அம்மா.

டவுன் என்பது ஊர் இல்லை, வாத்து, கூஸ் மாதிரிப் பறவைகளின் நெஞ்சில், மேல் இறகுக்கு அடியில் இருக்கிற பஞ்சு போன்ற தூவி என்று விளக்கினேன். இறகுக்கு நடுவில் காம்பு இருக்கும்; இதற்குக் கிடையாது. நட்சத்திரம்போல எல்லாத் திசையிலும் விரிந்த நார். அந்த நார்களுக்கு நடுவே காற்று மாட்டிக்கொள்கிறது. அந்தக் காற்றுதான் கதகதப்பு. அம்மாவின் காதில் விழுந்தது 'வாத்து' மட்டும்.

"வாத்து மயிரை மூட்டைகட்டிக் கொண்டுவந்து பூஜை ரூமுக்குப் பக்கத்து ரூம்ல வைக்கப்போறியா?"

மூன்று நாள் பேச்சுவார்த்தை முறிந்து கிடந்தது. நான்காம் நாள் விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை. பளிச்சென்று வழி பிறந்தது. ஆண்டாள் பாடிய பஞ்ச சயனத்துக்கு உரை சொல்கிறவர்கள் ஐந்து வகை மெத்தையைச் சொல்வார்களே, அதில் அன்னத் தூவியும் ஒன்றல்லவா? கூஸும் அன்னமும் ஒரே குடும்பம். அப்படியானால் நான் வாங்குவது வாத்து மயிர் இல்லை, சாட்சாத் அன்னத் தூவி.

"அன்னமா? பாலையும் தண்ணியையும் பிரிக்குமே, அதா?"

"அதேதான்மா."

"உயிரோட பிடுங்க மாட்டாங்களே?"

இல்லை, அதற்கென்றே ஆர்டிஎஸ் என்று ஒரு சான்று முத்திரை இருக்கிறது, உயிரோடு இருக்கும் பறவையிலிருந்து பிடுங்கியதை அதில் சேர்க்க மாட்டார்கள் என்றேன். மீதி விவரத்தை, அதாவது அந்தப் பறவைகள் பெரும்பாலும் யார் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்குப் போகின்றன என்பதை, அம்மா கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிற வழக்கம் எனக்கு ஆபீஸிலேயே கிடையாது.

அடுத்து எண்கள். இந்தப் பைகளில் 550, 650, 800 என்று என்னவோ போட்டிருக்கிறது. நான் முதலில் விலை என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அது 'ஃபில் பவர்'. ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் தூவியை உருளையில் போட்டு, மேலே லேசான ஒரு எடையை வைத்தால், எத்தனை கன அங்குலத்துக்குப் பொங்கி நிற்கிறது என்ற கணக்கு. 800 என்றால் சுமார் 13 லிட்டர். ஒரு சின்னக் கைப்பிடிக் கடுகின் எடை, ஒரு வாளியை நிறைக்கும்!

இது எனக்குச் சட்டென்று புரிந்ததற்குக் காரணம் இலவம்பஞ்சு. சின்ன வயதில் தெருவில் வில்லும் கையுமாகப் பஞ்சடிக்கிறவர் வருவார். டொய்ங் டொய்ங் என்று அவர் நாணைத் தட்டத் தட்ட, கல்லாய்க் கிடந்த பழைய பஞ்சு முற்றம் முழுக்கப் பொங்கும். புது மெத்தையில் முதல் நாள் படுத்தால் ஆளே உள்ளே புதைந்துபோவோம். நாலு வருஷத்தில் அதுவே அடை மாதிரி ஆகிவிடும். ஃபில் பவர் என்பது அந்தப் பொங்கலின் அளவு, அவ்வளவுதான்.

ஆனால் இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. 800 என்பது தூவியின் தரம். உள்ளே எவ்வளவு தூவி வைத்திருக்கிறார்கள் என்பது வேறு எண். அரிசி நயமாக இருந்தால் போதுமா, எத்தனை ஆழாக்கு உலையில் போட்டாய் என்பதும் இருக்கிறதே. 800 தூவியை முந்நூறு கிராம் வைத்த பையைவிட, 650 தூவியை முக்கால் கிலோ வைத்த பை நன்றாகவே சூடு காக்கும்; தூக்கத்தான் கனமாக இருக்கும். இந்த ஞானம் வந்ததும் எக்செல்லில் ஒரு தாள் திறந்தேன். நாற்பத்தேழு பைகள், பதினோரு பத்திகள். என் மகளுக்கு வரன் பார்க்கும்போதுகூட இத்தனை பத்தி போடமாட்டேன். (இந்த வரியை அவள் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

பிறகுதான் அந்த வெப்பநிலை எண்ணிடம் வந்தேன். பை மேல் கொட்டை எழுத்தில் 'மைனஸ் 10' என்று போட்டிருந்தால் மைனஸ் பத்தில் சுகமாகத் தூங்கலாம் என்றுதானே அர்த்தம்? இல்லையாம். 2002இல் ஐரோப்பாக்காரர்கள் ஈஎன் 13537 என்று ஒரு தரநிலை கொண்டுவந்தார்கள். இப்போது அது ஐஎஸ்ஓ 23537. சூடேற்றிய ஒரு பொம்மையைப் பைக்குள் படுக்கவைத்து, எவ்வளவு சூடு வெளியே போகிறது என்று அளந்து, மூன்று எண் தருகிறார்கள். முதலாவது 'கம்ஃபர்ட்': இருபத்தைந்து வயது, 60 கிலோ, 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண் நிம்மதியாகத் தூங்கலாம். இரண்டாவது 'லிமிட்': அதே வயது, 73 கிலோ ஆண், உடம்பைச் சுருட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் விழிக்காமல் சமாளிக்கலாம். மூன்றாவது 'எக்ஸ்ட்ரீம்': அந்தப் பெண் ஆறு மணி நேரம் சாகாமல் இருக்கலாம். விரல்களுக்கு உத்தரவாதம் கிடையாது.

கடைக்காரர்கள் பலர் பெரிய எழுத்தில் போடுவது இரண்டாவது எண்ணை. லிமிட் மைனஸ் பத்து என்றால், கம்ஃபர்ட் அநேகமாக மைனஸ் நான்குதான் இருக்கும். அதுவும் அந்த இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு. எனக்கோ ஐம்பத்திரண்டு வயது, எண்பத்துநாலு கிலோ, உடம்பைச் சுருட்டினால் வயிறு இடிக்கும், மாடிப்படி ஏறினாலே மூச்சு. எனக்காக எந்த ஆய்வுக்கூடத்திலும் பொம்மை செய்யவில்லை. ஆகவே கம்ஃபர்ட் மைனஸ் பத்துக்கே போய்விட்டேன்.

அந்த எண்ணுக்கு விலை முப்பத்தோராயிரத்து நானூறு. மேல்துணியையும் உள்துணியையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்தால் தையல் கோட்டில் தூவி இருக்காது, குளிர் அந்த வழியாக நுழையும் என்பதால், நடுவில் குட்டிச் சுவர்த்துணி வைத்துப் பெட்டி பெட்டியாகத் தைத்தது. தலைக்கு முக்காடு, கழுத்துக்கு ஒரு தூவிக் காலர், ஜிப்புக்குப் பின்னால் காற்று புகாமலிருக்க நீளமாக ஒரு தூவிக் குழாய். ஆன்லைனில் வாங்கினேன். அதில் தவறொன்றும் இல்லை. 1876இல் யூக்லிசியா என்ற பெயரில் படுக்கைப் பைக்குக் காப்புரிமை வாங்கிய வேல்ஸ் நாட்டு பிரைஸ் ஜோன்ஸ், தபாலில் ஆர்டர் எடுத்துத் துணிமணி விற்பதில் முன்னோடி. நான் மரபை மீறவில்லை.

மனைவியிடம் விலையைப் "பதினஞ்சு பக்கம் வரும்" என்று சொல்லியிருந்தேன். என் கார்டின் குறுஞ்செய்தி அவள் போனுக்கும் போகும் என்பதை மறந்திருந்தேன்.

"ஏங்க, இந்தக் காசுக்கு நாலு இலவம்பஞ்சு மெத்தை போடலாமே."

நான் வரலாற்றைத் துணைக்கு அழைத்தேன். 1922இல் எவரெஸ்டுக்குப் போன ஜார்ஜ் ஃபிஞ்ச், பறவைத் தூவி அடைத்த மேல்கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டார்; கூட வந்தவர்கள் முதலில் கேலி செய்தார்கள்; குளிர் அடித்தபோது பொறாமைப்பட்டார்கள் என்று சொன்னேன்.

"அடுத்த தடவை அவரைக் கூட்டிட்டுப் போனாங்களா?"

1924 பயணத்தில் ஃபிஞ்சைச் சேர்க்கவில்லை. அதற்கும் கோட்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அதை விளக்குவதற்குள் அவள் அடுப்பை அணைக்கப் போய்விட்டாள்.

பை வந்தது. பலாப்பழ அளவு உறையிலிருந்து வெளியே இழுத்தால், மூச்சு விட்டுக்கொண்டே கட்டில் முழுக்கப் பொங்கியது. சோதித்துப் பார்க்காமல் மலைக்கு எடுத்துப்போகக் கூடாது என்று இரண்டாம் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் படுக்கையறைக் கதவைச் சாத்தி, ஏசியைப் பதினாறில் வைத்து, தெர்மல், ஸ்வெட்டர், குரங்குக் குல்லா சகிதம் உள்ளே இறங்கி, முக்காட்டின் கயிற்றை இழுத்தேன். மூக்கு மட்டும் வெளியே. அம்மா விபூதியோடு எட்டிப் பார்த்தாள்.

"நல்ல நாளும் அதுவுமா இது என்னடா கோலம்? தலையை வேற வடக்கே வெச்சிருக்கே! எழுந்திரு முதல்ல!"

'மம்மி' வடிவப் பை என்று அதற்குப் பெயரே இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. புரண்டு தெற்கே தலை வைத்தேன். ஐந்தாவது நிமிடம் கதகதப்பு. பத்தாவது நிமிடம் மே மாதம். இருபதாவது நிமிடம் இட்லிக் கொப்பரையில் உட்கார்ந்திருப்பதன் சுகதுக்கங்கள் முழுவதும் விளங்கின. வியர்வை பட்டால் தூவி கட்டிதட்டிப் போகும், ஈரத் தூவிக்குச் சூடு நிற்காது என்று படித்தது நினைவுக்கு வந்ததும், முப்பத்தோராயிரத்தைக் காப்பாற்ற ஜிப்பை இழுத்தேன். இரண்டு அங்குலம் வந்தது. பிறகு காற்றைத் தடுக்கவென்று வைத்த அந்தத் தூவிக் குழாயின் துணியைக் கவ்விக்கொண்டு நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. மனைவியைக் கூப்பிட்டேன். சமையலறையில் மிக்ஸி. அம்மாவைக் கூப்பிட்டேன். காதில் பஞ்சு.

அப்போது வாசல் மணி அடித்தது.

ஒருமுறை அடித்தது, இரண்டாம் முறை அடித்தது. பள்ளிக்கூடத்தில் சாக்கு ஓட்டத்தில் மூன்றாம் பரிசு வாங்கியவன் நான். அந்தப் பழைய வித்தையைக் கூட்டிக்கொண்டு, குதித்துக் குதித்துக் கூடத்தைக் கடந்து, தாழ்ப்பாளை முகவாயால் தள்ளினேன். கேஸ் சிலிண்டர்க்காரர். என்னை மேலிருந்து கீழ்வரை ஒருதரம் பார்த்தார். எத்தனையோ வீட்டு வாசல்களைப் பார்த்த மனிதர். முகத்தில் சலனமே இல்லை.

"சார், ஓடிபி."

போன் படுக்கையறையில். கை பைக்குள். "ஒரு நிமிஷம்" என்று திரும்பிக் குதித்தவன், டீப்பாயைக் கவனிக்கவில்லை. விழுந்ததில் எனக்கு அடி இல்லை என்பதைப் பையின் தரத்துக்குச் சான்றாக எக்செல்லில் பன்னிரண்டாவது பத்தியாகச் சேர்த்தேன். மனைவி மெழுகுவத்தியை ஜிப்பில் தேய்த்து, துணியைக் கிழிக்காமல் நிதானமாக எடுத்துவிட்டாள். பிறகு சிலிண்டர்க்காரரிடம், "ஒண்ணுமில்லைங்க, இமயமலைக்குப் போறார்" என்றாள். அவர், "போய்ட்டு வரட்டும்மா" என்றார்.

மலையில் முதல் இரண்டு நாள் எனக்கு ராஜமரியாதை. ஜூடா கா தாலாப் என்கிற உறைந்த குளத்தின் பக்கத்தில், என் பையைத் தொட்டுப் பார்க்க அடுத்த கூடாரத்துப் பிள்ளைகள் வந்தார்கள். ஃபில் பவர் பற்றி ஒரு சிற்றுரை ஆற்றினேன். மகள் வாடகைக்கு வாங்கிய செயற்கை நார்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

அதற்கு மேலே, சிகரத்தின் அடிவார முகாம். சாயங்காலமே தண்ணீர்க் குடத்தில் மேல்படலம் உறைந்துவிட்டது. வழிகாட்டி அந்த ஊர்க்காரர். என்னைவிடப் பத்து வயது பெரியவராக இருப்பார். நன்றாகச் சாப்பிடு, நெய் ஊற்றிக்கொள், பாட்டிலில் வெந்நீர் பிடித்துக் காலடியில் வைத்துக்கொள், படுக்கும் முன் வெளியே போய்விட்டு வா என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு வந்தார். என் இந்தி அரைகுறை. என் பையோ கம்ஃபர்ட் மைனஸ் பத்து. சிரித்துத் தலையாட்டினேன். ராத்திரி எழுந்திருக்க வேண்டாமே என்று தண்ணீரே குடிக்கவில்லை. உயரத்தில் வயிறு கெடும் என்று அரை ரொட்டியோடு எழுந்துவிட்டேன்.

ஒன்பது மணிக்குப் படுத்தேன். பதினோரு மணிக்கு முதுகில் யாரோ ஐஸ் பலகையை வைத்தார்கள்.

மேல்பக்கம் ஒரு குறையும் இல்லை. அன்னம் தன் கடமையைச் செய்தது. முதுகுப் பக்கம்தான்! எண்பத்துநாலு கிலோவுக்குக் கீழே தூவி சப்பாத்தியாகிக் கிடந்தது. பொங்காத தூவியில் காற்று இல்லை, காற்று இல்லையென்றால் கதகதப்பும் இல்லை. அதற்குத்தான் அடியில் போடும் பாய்க்கும் ஒரு எண் வைத்திருக்கிறார்கள், ஆர் மதிப்பு என்று. பனித்தரைக்கு அது ஐந்தாவது இருக்க வேண்டும். நாற்பத்தேழு பை பார்த்த நான் ஒரு பாய் பார்க்கவில்லை. கோரைப்பாயிலேயே பிறந்து, கோரைப்பாயிலேயே படித்து, கோரைப்பாயிலேயே தாலி கட்டிய குலத்தில் வந்தவன், பாயை மறந்துவிட்டு மலைக்கு வந்திருக்கிறேன். கீழே முகாம்காரர்கள் தந்த மெல்லிய ஃபோம் விரிப்பு மட்டும்.

வீட்டுப் பழக்கத்தில் முகத்தையும் உள்ளே இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அடுத்த தப்பு. மூச்சுக்காற்றின் ஈரமெல்லாம் பைக்குள்ளேயே இறங்கி, கழுத்துக் காலர் நனைந்து சில்லிட்டது. ஒரு மணிக்கு, தண்ணீரே குடிக்காத எனக்கு, வெளியே போக வேண்டும் என்று தோன்றியது. குளிர் சிறுநீரகத்தை முடுக்கும் என்பதை எந்தப் பை உறையிலும் அச்சிடுவதில்லை. போகலாமா, வேண்டாமா என்று இரண்டு மணி நேரம் எனக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை. பாலையும் நீரையும் பிரித்த அன்னத்தால் குளிரையும் என்னையும் பிரிக்க முடியவில்லை.

மூன்று மணிக்கு மகள் டார்ச் அடித்தாள்.

"அப்பா, உன் பல்லு அடிக்கிற சத்தத்துல நான் எழுந்துட்டேன்."

முதலில் வெளியே விரட்டினாள். நான் திரும்பி வருவதற்குள் என் காலி முதுகுப்பை, அவள் மழைக்கோட்டு, பாதி ஜாக்கெட் எல்லாவற்றையும் ஃபோமுக்கு மேல் பரப்பியிருந்தாள். "பை சூடு தராதுப்பா. நீ குடுக்கற சூட்டைப் பத்திரமா வெச்சிருக்கும். அவ்வளவுதான். நீ ஒண்ணும் சாப்பிடல, அப்புறம் அது எதை வெச்சிருக்கும்?" என்றபடி ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தாள். கோவில்பட்டி கடலை மிட்டாய். கிளம்பும்போது மனைவி ஒரு கிலோ கட்டித்தர, எடை கூடிவிடும் என்று நான் வெளியே எடுத்துவைத்தது. எப்படியோ மகளின் மூட்டையில் ஏறியிருக்கிறது. இருட்டில், முக்காட்டுக்குள், நாலு துண்டு கடித்தேன். கால்மணி நேரத்தில் வயிற்றில் ஏதோ அடுப்புப் பற்றியது; பை அதைப் பிடித்துக்கொண்டது. பிறகு தூங்கிவிட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் முக்காட்டு ஓரத்தில் என் மூச்சு மணி மணியாக உறைந்து நின்றது. சமையல் கூடாரத்தில் வழிகாட்டி இரண்டு முரட்டுக் கம்பளியை உதறி மடித்துக்கொண்டிருந்தார். அவர் ராத்திரி முழுவதும் அதில்தான் படுத்திருந்தாராம்.

சிகரத்தில் ஏறினோம். சுவர்க்காரோகிணிச் சிகரம் தெரிந்தது. அதைப் பற்றி எழுத நல்ல ஆட்கள் இருக்கிறார்கள்.

ஊர் திரும்பியபின் பையை உறையில் திணித்து வைக்க முடியாது. அமுங்கியே கிடந்தால் தூவி பொங்க மறந்துவிடும். பெரிய பருத்திப் பையில் தளர்வாகப் போட்டு வைக்க வேண்டும். அது பீரோவின் கீழ்த்தட்டை முழுசாக எடுத்துக்கொண்டது. அங்கிருந்த பட்டுப் புடவைகள் என் சட்டைகள் இருந்த தட்டுக்கு வந்தன. என் சட்டைகள் இப்போது கொடியில் வாழ்கின்றன.

மே மாதம். கத்திரி வெயில். வீட்டில் ஏசி இருப்பது ஒரே அறையில். அந்த நாட்களில் அம்மாவும் அங்கேதான் படுப்பாள். இருபத்தாறுக்குக் கீழே வைத்தால் அம்மாவுக்குக் குளிரும். இருபத்தாறில் வைத்தால் எனக்கு ஏசி போட்டதாகவே தெரியாது. வருஷா வருஷம் ரிமோட்டுக்காக நடக்கிற சண்டை. இந்த வருஷம் இரண்டாம் நாள் ராத்திரி, அம்மா பேசாமல் எழுந்துபோய் பீரோவைத் திறந்தாள். "அந்த அன்னத்தை இப்படிக் குடுடா" என்று பையை விரித்து, தெற்கே தலை வைத்து, உள்ளே இறங்கினாள். எழுபத்தெட்டு வயது, நாற்பத்திரண்டு கிலோ. ஜிப் ஒரே இழுப்பில் கழுத்துவரை வந்தது, எங்கேயும் மாட்டவில்லை.

நான் இருபத்துநாலில் வைத்தேன். பத்து நிமிடம் கழித்து முக்காட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"என்னடா ஏசி இது, புழுங்கித் தொலைக்குது. பதினாறுல வைடா."

வைத்தேன். வைத்துவிட்டு, போர்வை எங்கே என்று இருட்டில் தேடிக்கொண்டிருந்தேன். மனைவி அதை ஏற்கெனவே இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டிருந்தாள்.